ஊருக்குத் திரும்பி விவசாயம் பண்ண வர்றவங்களுக்கு அரசு என்ன தருது, எப்போ தருது

கேள்வி இதுதான்: சென்னையில ஐடி வேலை, வயசு 34, ஒட்டன்சத்திரம் பக்கம் தாத்தா பேர்ல 4 ஏக்கர் புன்செய், ஒரு கிணறு, அதுல இலவச கரண்ட் சர்வீஸ். வேலையை விட்டுட்டு வந்து காய்கறி, முருங்கை, கொஞ்சம் ஆடுன்னு ஆரம்பிக்கணும். அரசாங்கம் புது விவசாயிக்கு என்னென்ன குடுக்கும், மொத்தம் எவ்வளவு வரும், அதை வச்சு ஆரம்பிச்சிடலாமா?

தம்பி, கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். அதை வச்சு ஆரம்பிக்க முடியாது. நான் வேளாண்மைத் துறையில வட்டார அளவுல பல வருஷம் வேலை பார்த்தவன், மானியம் வாங்கிக் குடுத்த பக்கம் நின்னு பார்த்ததைத்தான் சொல்றேன். நம்ம ஊர்ல அரசு உதவி நிறையவே இருக்கு, அது உண்மை. ஆனா அது வேலையை ஆரம்பிக்கறவனுக்கு கையில குடுக்கற பணம் இல்ல, ஏற்கனவே நிலமும் பேப்பரும் பயிரும் வச்சிருக்கறவனுக்கு பின்னாடி வர்ற பணம். ஐரோப்பிய யூனியன்ல 40 வயசுக்கு உட்பட்டு புதுசா விவசாயத்துக்கு வர்றவங்களுக்குன்னு தனி உதவி இருக்கு, ஜப்பான்ல 2012-ல இருந்து புதுசா வர்றவங்களுக்கு ஆரம்ப வருஷங்கள்ல வாழ்க்கைச் செலவுக்கே பணம் குடுக்கற திட்டம் இருக்கு. நம்ம சட்டதிட்டத்துல "புது விவசாயி"ங்கற வகையே கிடையாது. பட்டாதாரர், சிறு விவசாயி, குறு விவசாயி, குத்தகைதாரர், இவங்கதான் இருக்காங்க. அதனால நீங்க முதல்ல இந்த வகைக்குள்ள ஒண்ணா ஆகணும், அதுக்கப்புறம்தான் எந்த ஆபீஸுக்குப் போனாலும் உங்க மனுவை எடுத்துப் பார்ப்பாங்க.

உங்க நிலம் தாத்தா பேர்ல இருக்குன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, ஆனா உங்க கேஸ்ல பெரிய வேலையே அதுதான். தாத்தா இறந்துட்டாருன்னா தாசில்தார்கிட்ட வாரிசு சான்று வாங்கணும், உங்கப்பா கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்னு அதுல வரும், அத்தைங்க பேரும் வரும், "அவங்களுக்குத்தான் நகை போட்டு கல்யாணம் பண்ணியாச்சே"ன்னு ஊர்ல பேசற பேச்சு எந்த ஆபீஸ்லயும் எடுபடாது. எல்லாரும் உக்காந்து பேசி பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எழுதி பதிவு பண்ணி, அதுக்கப்புறம் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு பண்ணி, உங்கப்பா பேர்லயோ உங்க பேர்லயோ தனிப் பட்டா ஆகணும். குடும்பத்துக்குள்ள எழுதற பத்திரத்துக்கு முத்திரைத்தாள் செலவு கிரயத்தை விட ரொம்பக் கம்மி, அதனால காசுக்குப் பயந்து தள்ளிப் போடாதீங்க. தள்ளிப் போட்டா கூட்டுப் பட்டாவா நிக்கும், கூட்டுப் பட்டாவுல ஒவ்வொரு தடவையும் மத்த பங்காளிங்க சம்மதக் கையெழுத்து கேப்பாங்க, ஒருத்தர் திருப்பூர்ல இருப்பாரு, ஒருத்தர் பேச்சுவார்த்தையே இல்லாம இருப்பாரு, அதுக்குள்ள அந்த வருஷ மானிய ஒதுக்கீடு முடிஞ்சு போயிருக்கும். வேலையை ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க, சம்பளம் வந்துட்டு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. கிணத்து சர்வீஸையும் அதோட சேர்த்து பேர் மாத்தணும். தமிழ்நாட்டுல 1990-ல இருந்து விவசாயத்துக்கு கரண்ட் இலவசம், அந்த சர்வீஸ் ஒண்ணு கையில இருக்கறது எந்த மானியத்தை விடவும் பெரிய சொத்து. புதுசா சாதாரண வரிசையில மனு போட்டா வருஷக்கணக்குல காத்திருக்கணும், தட்கல்ல போனா மோட்டார் குதிரைத்திறனைப் பொறுத்து லட்சக்கணக்குல கட்டணும்.

பட்டா ஆன உடனே அடுத்தது அடங்கல். இதைப் பத்தி வெளியூர்ல இருந்து வர்றவங்க யாருக்கும் தெரியறதில்ல. பட்டா, சிட்டா நிலம் யாருதுன்னு சொல்லும், அடங்கல்தான் அந்த நிலத்துல இந்தப் பசலியில என்ன பயிர் நிக்குதுன்னு சொல்லும். பசலி வருஷம் ஜூலை 1-ல ஆரம்பிச்சு ஜூன் 30-ல முடியும். பயிர்க்கடன், இன்சூரன்ஸ், நெல் போட்டா கொள்முதல் நிலையம், உழவர் சந்தை அட்டை, வெள்ள நிவாரணம், எல்லாத்துக்கும் அடங்கல் கேப்பாங்க. உங்க நிலம் பல வருஷமா சும்மா கிடந்தா அடங்கல்ல "தரிசு"ன்னு எழுதியிருக்கும். நீங்க உழுது தக்காளி நட்டு காயே வந்திருந்தாலும், வி.ஏ.ஓ. வந்து பார்த்து பயிர் பேரு, பரப்பு, தண்ணி எதுல இருந்துங்கறதெல்லாம் பதியற வரைக்கும் கவர்மெண்டைப் பொறுத்தவரை அது தரிசுதான். நட்ட வாரமே வயல்ல நின்னு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, வி.ஏ.ஓ.வை நேர்ல கூப்பிட்டுக் காட்டுங்க, ஒவ்வொரு போகத்துக்கும் இதைச் செய்யுங்க. இப்ப டிஜிட்டல் பயிர் சர்வேன்னு மொபைல்ல பதியறாங்க, அதுலயும் தப்பு நடக்கும், பக்கத்து சர்வே நம்பர் பயிர் உங்களுதுல ஏறி நிக்கும், அதனால உங்க சர்வே நம்பர், உட்பிரிவு எண், எஃப்.எம்.பி.ங்கற நில அளவை வரைபடம் மூணும் போன்ல எப்பவும் இருக்கணும். கூடவே தனித்துவ விவசாய அடையாள எண் எடுத்துடுங்க, மத்திய அரசு திட்டம் எல்லாம் அதோடதான் இணையுது. சிறு குறு விவசாயி சான்று தாசில்தார் குடுப்பாரு, இ-சேவையில மனு போடலாம். புன்செய்னா 5 ஏக்கர் வரைக்கும் சிறு விவசாயி, உங்க 4 ஏக்கர் முழுசா உங்க பங்குக்கு வந்தாலும் அதுக்குள்ளதான் வர்றீங்க, அது உங்களுக்கு நல்லது, ஏன்னு கீழ சொல்றேன்.

பி.எம். கிசான் வருமான்னு எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூணு தவணை. உங்களுக்கு இப்போதைக்கு வராது. போன மதிப்பீட்டு ஆண்டுல வருமான வரி கட்டினவங்களுக்குக் கிடையாது, நீங்க ஐடியில இருந்து வர்றீங்க. அது போக, நிலம் உங்க பேர்ல 2019 பிப்ரவரி 1-க்கு அப்புறம் வந்திருந்தா தகுதி இல்ல, உரிமையாளர் இறந்து வாரிசு முறையில வந்திருந்தா மட்டும் விதிவிலக்கு. அதாவது இன்னைக்கு ஒரு இளைஞன் சேர்த்து வச்ச காசுல 2 ஏக்கர் வாங்கி விவசாயத்துக்கு வந்தா அவனுக்கு அந்த 6,000 இல்ல, நிலத்தை தரிசாப் போட்டுட்டு டவுன்ல இருக்கற பழைய பட்டாதாரருக்கு உண்டு. இந்த விதி எனக்கு எப்பவும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா தொகை சின்னது, இதை நினைச்சு நேரத்தை வீணாக்காதீங்க.

உங்களுக்கு உண்மையிலேயே பெருசா உதவப் போறது சொட்டுநீர். தமிழ்நாட்டுல சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீத மானியம். மத்திய திட்டத்தோட கணக்கு சிறு குறு விவசாயிக்கு 55 சதவீதம்தான், அதுக்கு மேல வர்றதை மாநில அரசு போடுது, இந்த அளவுக்கு வேற மாநிலங்கள்ல ரொம்ப அரிது. காய்கறி, முருங்கைக்கு தோட்டக்கலைத் துறை வழியா போகணும். ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுக்கங்க, ஒரே கட்டடத்துல இருந்தாலும் துறைங்க வேற வேற: நெல், சோளம், மக்காச்சோளம், பயறு, கடலை, தென்னை இதெல்லாம் வேளாண்மைத் துறை, காய், பழம், பூ எல்லாம் தோட்டக்கலைத் துறை, டிராக்டர், பவர் டில்லர், சோலார் பம்ப், பண்ணைக்குட்டை எல்லாம் வேளாண்மைப் பொறியியல் துறை, ஆடு மாடு கோழி கால்நடைத் துறை. தென்னை பத்தி தோட்டக்கலை ஆபீஸ்ல கேட்டு அரை நாள் நின்னவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

சொட்டுநீருக்கு சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி., சிறு குறு விவசாயி சான்று, ஆதார், போட்டோ, மண் தண்ணி பரிசோதனை அறிக்கை, இதெல்லாம் குடுத்து ஆன்லைன்ல பதியணும். அரசு பட்டியல்ல இருக்கற கம்பெனியில எதை வேணாலும் நீங்க தேர்ந்தெடுக்கலாம், இது உங்க உரிமை, "இந்த கம்பெனிதான்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பக்கத்து ஊர்கள்ல யாரு பொருத்தினதுக்கு அப்புறம் சர்வீஸுக்கு வர்றாங்கன்னு விசாரிச்சு எடுங்க. பணம் உங்க கைக்கு வராது, வேலை முடிஞ்சு ஆய்வு பண்ணி கம்பெனிக்குப் போகும். இதுலதான் கவனமா இருக்கணும். 100 சதவீதம் இலவசம்ங்கறதால பல பேர் பொருத்தற அன்னைக்கு வயலுக்கே போறதில்ல, ஆள் வந்தான், போட்டான், கையெழுத்து கேட்டான், போட்டுக் குடுத்தாச்சு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மோட்டாரை ஓட விட்டு, மெயின் லைன் பக்கத்துல இருக்கற முதல் சொட்டுவான் கீழ ஒரு டம்ளரும், வயலோட கடைசி மூலையில இருக்கற சொட்டுவான் கீழ ஒரு டம்ளரும் வைங்க. மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான்னா ஒரு நிமிஷத்துக்கு சுமாரா 67 மில்லி விழணும். மருந்துக் குப்பி மூடியில அளந்து பாருங்க. முதல்ல 65, கடைசியில 40னு வந்தா பைப் அளவு தப்பு, இல்லைன்னா ஒரே வால்வுல அளவுக்கு மீறி பரப்பை இணைச்சிருக்காங்க, பிரிச்சு மாத்தச் சொல்லுங்க. கையெழுத்து போடற வரைக்கும் உங்க பேச்சைக் கேப்பாங்க. கடைசி வரிசை செடி வாடறதுக்கு அப்புறம் போன் பண்ணிட்டே இருக்க வேண்டியதுதான். அதே மாதிரி திறந்த கிணறுன்னா பாசி வரும், அதுக்கு மணல் ஃபில்டர் வேணும், வெறும் சல்லடை ஃபில்டர் வச்சுட்டுப் போனா மூணு மாசத்துல அடைச்சுக்கும். ஒருதடவை மானியம் வாங்கினா அதே நிலத்துக்கு மறுபடி வாங்க 7 வருஷம் ஆகணும், அதனால முதல் தடவையே சரியா போட்டுக்கறது முக்கியம்.

இன்னொண்ணு, செடிக்கும் செடிக்கும் எவ்வளவு இடைவெளிங்கறதை வச்சுத்தான் மானிய அளவு கணக்கு. முருங்கைக்குன்னு அகலமா போட்டுட்டு அடுத்த வருஷம் தக்காளிக்கு மாறினா பக்கவாட்டு பைப் எல்லாம் கூடுதலா உங்க காசுல வாங்கணும். எந்த ஏக்கர்ல என்ன வரப்போகுதுன்னு மனு போடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க.

கடனைப் பத்திச் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் மானியத்தைத் தேடிட்டு அதை விட பிரயோஜனமான பயிர்க்கடனை விட்டுடறாங்க. உங்க ஊர் தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துல பங்குத்தொகை கட்டி உறுப்பினர் ஆகுங்க. பயிர்க்கடன் குறித்த நாளுக்குள்ள திருப்பிக் கட்டினா தமிழ்நாட்டுல வட்டியே இல்ல. வணிக வங்கியில கிசான் கிரெடிட் கார்டுன்னா 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம், ஒழுங்கா கட்டினா 3 சதவீதம் குறைஞ்சு 4 சதவீதம். அடமானம் இல்லாம குடுக்கற விவசாயக் கடன் வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில இருந்து 1.6 லட்சத்துல இருந்து 2 லட்சமா உயர்த்தியிருக்கு, மேனேஜர் அதுக்குள்ள கேக்கற கடனுக்கு பத்திரம் கேட்டா இதைச் சொல்லுங்க. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவுங்கறது மாவட்ட அளவுல ஒரு குழு நிர்ணயிக்கும், அதுல ஒரு பகுதி உரமா குடுப்பாங்க. ஆடு மாடு பராமரிப்புக்கும் கூட்டுறவு சங்கத்துல கடன் உண்டு. தள்ளுபடி வரும்னு நினைச்சு கட்டாம இருக்காதீங்க. 2021-ல 16.43 லட்சம் விவசாயிங்களோட 12,110 கோடி தள்ளுபடி ஆச்சு, அது உண்மைதான், ஆனா அடுத்தது எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது, தவணை தவறின கணக்குக்கு அடுத்த போகத்துக்கு கடன் கிடைக்காது, கிடைக்காத அன்னைக்கு வெளியில மாசம் ரெண்டு வட்டி மூணு வட்டிக்குத்தான் வாங்கணும். ஒழுங்கா கட்டி வருஷா வருஷம் வட்டியில்லாம எடுத்துட்டு இருக்கறதுதான் புதுசா வர்றவனுக்கு நிலையான ஆதரவு.

பயிர் இன்சூரன்ஸ் 2016-ல இருந்து இப்ப இருக்கற முறையில நடக்குது. விவசாயி கட்டற பங்கு காரீஃப் (மழைக்காலப் போகம்) உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ரபிக்கு (குளிர்காலப் போகம்) 1.5, தோட்டக்கலை, பணப்பயிருக்கு 5. 2020 காரீஃப்ல இருந்து கடன் வாங்கினவங்களுக்கும் கட்டாயம் இல்ல, அதனால சங்கத்துல கடன் வாங்கியாச்சு தானாவே இன்சூரன்ஸ் ஆயிருக்கும்னு நினைக்காதீங்க, ரசீது கேளுங்க. எல்லாப் பயிரும் எல்லா ஊருக்கும் அறிவிக்க மாட்டாங்க, உங்க வருவாய் கிராமத்துக்கு எந்தப் பயிர் அறிவிச்சிருக்கு, கடைசி தேதி என்னன்னு பாத்துட்டுக் கட்டணும்.

இழப்பீடு எப்படி வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா பின்னாடி ஏமாத்தம் இருக்காது. உங்க வயல்ல சேதம் ஆனதுக்கு பணம் வர்றது சில விஷயத்துக்கு மட்டும்தான், ஆலங்கட்டி மழை மாதிரி ஒரு சில இடத்துல மட்டும் அடிச்சுட்டுப் போறதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். மத்தபடி பொதுவா கிராமத்தோட சராசரி மகசூலைத்தான் பார்ப்பாங்க. நெல்லுன்னா அதுக்கு பயிர் அறுவடை பரிசோதனைன்னு ஒண்ணு நடக்கும், நான் எத்தனையோ தடவை நின்னு பண்ணியிருக்கேன். எந்த சர்வே நம்பர்ங்கறது ரேண்டமா வரும். வயல்ல நீளம் அகலம் அளந்து, அதுவும் ரேண்டமா வர்ற அளவுக்கு உள்ள நடந்து போய் ஒரு முளை அடிச்சு, அங்க இருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரமா கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்கற கதிரை மட்டும் அறுத்து, தார்ப்பாய்ல அடிச்சு தூத்தி எடை போடுவோம். அந்த 25 சதுர மீட்டர்ல வர்ற கிலோதான் ஏக்கர் கணக்கா மாறி, அந்த மாதிரி சில வயல்களோட சராசரி மொத்த கிராமத்துக்கும் மகசூல் ஆகும். முந்தின வருஷங்களை வச்சு போட்ட அளவை விட அது குறைஞ்சாத்தான் எல்லாருக்கும் பணம். உங்க வயல் மட்டும் பூச்சியில போய் ஊர் நல்லா விளைஞ்சிருந்தா உங்களுக்கு ஒண்ணும் வராது. அதனால அறுவடை பரிசோதனை நடக்கற அன்னைக்கு ஊர்க்காரங்க போய் நிக்கணும், கயிறு சரியா கட்டறாங்களா, எடை சரியா எழுதறாங்களான்னு பாக்கணும். வெளியில படிச்சு வேலை பார்த்துட்டு வர்ற உங்க மாதிரி பசங்க ஊருக்கு முதல்ல செய்யக்கூடிய உபகாரமே இதுதான்னு நான் சொல்வேன்.

ஆடு பத்திக் கேட்டிருந்தீங்க. தேசிய கால்நடை இயக்கத்துல 2021-ல இருந்து ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம் இருக்கு, குறைஞ்ச யூனிட்டே 100 பெட்டை 5 கிடா, அதுக்கு மானிய உச்சவரம்பு 10 லட்சம், 500 பெட்டை வரைக்கும் போனா 50 லட்சம். இந்த நம்பரைப் பார்த்துட்டு நிறைய பேர் இதுக்காகவே வேலையை விடறாங்க, வேண்டாம் தம்பி. முதல்ல பேங்க் கடன் அனுமதி ஆகணும், அல்லது சொந்தப் பணம் காட்டணும், அப்புறம் மானியம் ரெண்டு தவணையா வரும், ரெண்டாவது பண்ணை முழுசா அமைஞ்சு ஆய்வு முடிஞ்ச பிறகு. 100 ஆடு பழக்கம் இல்லாதவன் கையில மழைக்காலத்துல எவ்வளவு சீக்கிரம் குறையும்னு பார்த்திருக்கேன். முதல் வருஷம் பத்துப் பதினஞ்சு உருப்படி, கூடவே அரை ஏக்கர்ல பசுந்தீவனம், ஆட்டுக்கொல்லி நோய் தடுப்பூசி எப்போ, குடற்புழு நீக்கம் எப்போங்கறதை கால்நடை மருந்தகத்துல கேட்டு பழகிக்கங்க, அதுக்கப்புறம் பெரிய திட்டத்துக்குப் போங்க. நாட்டுக்கோழிக்கு 250 குஞ்சு அளவுல 50 சதவீத மானியத்துல மாநில அரசு திட்டம் இருக்கு, அது தொடக்கத்துக்கு ஏத்த அளவு.

மெஷின் வாங்கறதுக்கு பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், சிறு குறு விவசாயி, பெண்கள், எஸ்.சி., எஸ்.டி.க்கு 50 சதவீதம். ஆனா 4 ஏக்கருக்கு டிராக்டர் வாங்காதீங்க, மானியம் வந்தாலும் மாசத் தவணை வயலைச் சாப்பிட்டுடும். பொறியியல் துறையே வாடகைக்கு விடுது, இ-வாடகைன்னு ஆப்லயே பதியலாம், வெளி வாடகையை விடக் குறைவு. சோலார் பம்ப் செட்டுக்கு 60 சதவீதத்துல இருந்து மானியம் உண்டு, உங்களுக்கு இலவச கரண்ட் இருக்கறதால இப்ப அவசியம் இல்ல.

செலவே இல்லாத ஒண்ணு சொல்றேன், யாரும் இதைப் பெருசா பேசறதில்ல. ஏரி, கண்மாய், குளத்துல இருந்து வண்டல் மண் இலவசமா எடுத்து வயல்ல போட்டுக்கலாம். 2024-ல இருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கற மாதிரி எளிமைப்படுத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி மாவட்ட அளவுக்கு அலையணும். புன்செய்னா ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்னா 75. வெட்டற மெஷின், வண்டி வாடகை மட்டும் உங்க செலவு. பல வருஷம் சும்மா கிடந்த செம்மண் காட்டுக்கு கோடையில ஒரு தடவை வண்டல் அடிச்சு, பசுந்தாள் உரத்துக்கு சணப்பை விதைச்சு மடக்கி உழுதீங்கன்னா முதல் போகத்துலயே தண்ணி நிக்கற தன்மை மாறறது தெரியும். மண்ணை எடுத்து பரிசோதனைக்குக் குடுத்து மண் வள அட்டை வாங்கிட்டு அப்புறம் உரக் கடைக்குப் போங்க, இல்லைன்னா கடைக்காரர் சொல்றதுதான் உங்க உரக் கணக்கா ஆயிடும்.

விக்கற இடம் பத்தி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்துல இருக்கறது உங்க அதிர்ஷ்டம், கேரளாவுக்கு லோடு போற இடம், ஆனா அங்க விலை அன்னைக்கு வரத்தைப் பொறுத்தது, கமிஷன் போகும், தக்காளி பொட்டி கேக்க ஆள் இல்லாத நாளும் வரும். கொஞ்சம் விளைச்சலையாவது உழவர் சந்தைக்குக் கொண்டு போங்க. 1999-ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம், கடைக்கும் தராசுக்கும் வாடகை கிடையாது, இடைத்தரகர் இல்ல, விவசாயி அடையாள அட்டை மட்டும் வேணும், அதுக்கு அலுவலர் வயலை வந்து பார்த்து என்ன பயிர், எவ்வளவுன்னு உறுதி பண்ணுவாங்க. அங்கயும் அடங்கல்தான். மக்காச்சோளம், பயறு மாதிரி தாங்கற பொருளா இருந்தா ஒழுங்குமுறை விற்பனைக்கூட கிடங்குல வச்சு, மதிப்புல 75 சதவீதம் வரைக்கும் பொருளீட்டுக் கடன் வாங்கிட்டு, விலை ஏறும்போது விக்கலாம், 180 நாள் டைம் இருக்கு. அறுவடை அன்னைக்கு கூலி குடுக்கறதுக்காக வந்த விலைக்குத் தள்ளி விடறதை இது ஒண்ணு தடுக்கும். முருங்கை இலைப் பொடி, தக்காளி வத்தல்னு பின்னாடி யோசிச்சா பி.எம்.எஃப்.எம்.இ.ங்கற சிறு உணவு பதப்படுத்தும் தொழிலுக்கான மத்திய அரசு திட்டத்துல 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் கடனோட இணைஞ்ச மானியம் இருக்கு. ஆனா பச்சையா விக்கத் தெரிஞ்சதுக்கு அப்புறம் அதுக்குப் போங்க.

நிலமே இல்லாதவங்களைப் பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் எழுதறேன், ஏன்னா உங்க ஊர்லயே உங்களை விட நல்லா விவசாயம் தெரிஞ்சவங்க அவங்கதான், உங்க காட்டுல நாளைக்கு களை எடுக்க வர்றவங்களும் அவங்கதான். அடுத்தவங்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து பண்றவங்களுக்கு பி.எம். கிசான் இல்ல. குத்தகைப் பதிவுக்கு 1969-லயே சட்டம் வந்தாச்சு, ஆனா எழுதிக் குடுத்தா நிலம் போயிடும்னு உரிமையாளருங்க பயந்து வாய்வார்த்தையாவே விடறாங்க, அதனால வெள்ளம் வந்தா நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகுது, விதை வாங்கி நட்டவர் கடன்ல நிக்கறாரு. நீங்க பக்கத்து நிலம் குத்தகைக்கு எடுத்தாலும், உங்க நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் சாகுபடி பண்றவர் பேரை அடங்கல்ல ஏத்துங்க, இன்சூரன்ஸ் அவர் பேர்லயே கட்ட முடியும். நிலமில்லாத எஸ்.சி., எஸ்.டி. விவசாயக் கூலிப் பெண்களுக்கு தாட்கோ (எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான மாநில அரசுக் கழகம்) மூலமா நன்னிலம் திட்டத்துல நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் மானியம் இருக்கு. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. புது விவசாயியை உண்டாக்கற திட்டம்னு நான் மனசார சொல்லக்கூடியது இது ஒண்ணுதான்.

ஊராச் சேர்ந்து கேட்டா கிடைக்கறதும் இருக்கு. 2021-ல தமிழ்நாடு வேளாண்மைக்குன்னு தனி பட்ஜெட் போட ஆரம்பிச்ச வருஷமே அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம்னு வந்துச்சு, 12,525 ஊராட்சியையும் அஞ்சு வருஷத்துல எடுத்துக்கறதா கணக்கு. அதுல தரிசா கிடக்கற 10, 15 ஏக்கரை குறைஞ்சது 8 விவசாயிங்க ஒரு தொகுப்பா சேர்ந்து குடுத்தா, முள்ளு வெட்டி சீர்படுத்தி, போர் போட்டு, கரண்டோ சோலாரோ குடுத்து, சொட்டுநீர் வரைக்கும் அரசே செய்யற ஏற்பாடு. இதுல எனக்கு நம்பிக்கை அதிகம், ஏன்னா தனி ஆள் போர் போட்டா பக்கத்துக் கிணறு வத்தும், எட்டுப் பேர் பங்கு போட்டா தண்ணிக்கு ஒரு ஒழுங்கு வரும். 2025 மே-ல இருந்து மாசத்துல ரெண்டாவது, நாலாவது வெள்ளிக்கிழமை கிராமங்கள்ல எல்லாத் துறை அலுவலர்களும் வர்ற முகாமும் ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி முகாம் நடக்கும்போது ஆபீஸ் ஆபீஸா அலையாம ஒரே இடத்துல நாலு மனு குடுத்துடலாம். திட்டத்தோட பேரு மாறும், மானிய விகிதம் கூடும் குறையும், ஒதுக்கீடு ஏப்ரல்ல வந்து முன்னாடி வந்தவங்களுக்குப் போயிடும். தமிழ்நாடு அரசோட உழவன் செயலியில முன்பதிவு பண்ணி வச்சுக்கங்க, உங்க உதவி தோட்டக்கலை அலுவலர் நம்பரும் அதுலயே கிடைக்கும்.

புதுசா நிலம் வாங்கி வர நினைக்கறவங்களும் இதைப் படிப்பாங்கங்கறதால ரெண்டு விஷயம். தமிழ்நாட்டுல விவசாயி இல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், மகாராஷ்டிரா மாதிரி தடை இல்ல. ஆனா துபாய், சிங்கப்பூர்னு வெளிநாட்டுல குடியிருக்கற என்.ஆர்.ஐ. அங்க இருந்துட்டே விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்துல இடம் இல்ல, வாரிசா வர்றது பரவாயில்ல, திரும்பி வந்து இங்க குடியிருப்பு ஆனதுக்கப்புறம் வாங்கலாம். விலை கம்மியா இருக்குன்னு பஞ்சமி நிலம், கோயில் நிலம், பூமிதான நிலம், நிபந்தனைப் பட்டா நிலத்துல கை வைக்காதீங்க. பஞ்சமி நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்குன்னு குடுத்தது, அதை அவங்ககிட்ட இருந்து எடுக்கறதே அநியாயம், அது போக பட்டாவும் மாறாது, பட்டா மாறலைன்னா மேல சொன்ன எதுவும் கிடைக்காது.

கணக்குக்கு வர்றேன். முதல் ரெண்டு வருஷம் வீட்டுச் செலவு, குழந்தை ஸ்கூல் ஃபீஸ், ஒரு போகம் முழுசா போனாலும் அடுத்த போகம் போடற காசு, இது மூணும் உங்க சேமிப்புல இருக்கணும், மானியத்தை வரவுல எழுதவே எழுதாதீங்க. வந்தா கிணத்துக்கோ வேலிக்கோ போடுங்க. அப்புறம் பாகப்பிரிவினை பண்ணும்போது ஒரு பகுதியை உங்க அம்மா பேர்லயோ மனைவி பேர்லயோ எழுதுங்க. பெண் விவசாயிக்கு மெஷின் மானியம் கூடுதல் விகிதத்துல வரும்ங்கறது ஒரு காரணம், காட்டுல வெயில்ல நிக்கறவங்க பேரு பட்டாவுல இருக்கணும்ங்கறதுதான் எனக்கு பெரிய காரணம்.

தாத்தாவுக்கு மொத்தம் எத்தனை வாரிசு, முன்னாடி ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கா, கிணறு பொதுவா இல்ல உங்க பங்குலயே முழுசா வருதா, இப்போதைய அடங்கல்ல என்ன எழுதியிருக்கு, இந்த நாலையும் வில்லங்கச் சான்றும் அடங்கலும் எடுத்துப் பார்த்துட்டு எழுதுங்க. கிணறு பொதுக் கிணறா இருந்தா சொட்டுநீருக்கும் சர்வீஸ் பேர் மாத்தறதுக்கும் பங்காளிங்க சம்மதம் எந்த மாதிரி எழுதி வாங்கணும்னு அதுக்கப்புறம் சொல்றேன்.